எடை குறையும்வரை வாழ்க்கை காத்திருக்க வேண்டுமா?

எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது, அதைப் புதுச் செய்தியாகக் கேட்பவர் அநேகமாக யாரும் இல்லை. அளவாகச் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும், இனிப்பைத் தவிர்க்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும் என்பதெல்லாம் உடல் பருமனோடு வாழும் எவருக்கும் மனப்பாடம். தெரிந்திருந்தும் நடக்கவில்லை என்றால், சுற்றியிருப்பவர்கள் சட்டென்று ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: மனக்கட்டுப்பாடு போதாது. நோயாளியின் மனத்தில் அதே தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். என்னைப் பொறுத்தவரை, எடை சிகிச்சையில் இதைவிடக் கேடு செய்த கருத்து வேறு கிடையாது. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்கும் அதைச் செய்வதற்கும் நடுவே ஒரு முழு நாள் கிடக்கிறது. வேலை, வீடு, வலி, அலுப்பு, பிறர் தேவை எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும் நாள் அது. அந்த நாள் எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஆக்குபேஷனல் தெரபி அதைத்தான் கேட்கிறது. உணவியல் நிபுணர் தட்டில் இருப்பதைப் பார்க்கிறார்; பிசியோதெரபிஸ்ட் உடலின் அசைவையும் வலுவையும் பார்க்கிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்ப்பது ஒருவர் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை செய்யும் காரியங்களை. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, வேலைக்குப் போவது, பிள்ளைகளைக் கவனிப்பது, பொழுதுபோக்குவது, தூங்குவது என எல்லாமே இதில் அடங்கும். பக்கவாதம் வந்தவர்கள், கையில் அடிபட்டவர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ஆகியோரோடு சேர்த்தே பலர் இந்தத் துறையை அறிந்திருக்கிறார்கள். பருமனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுவது இயல்புதான்.

சம்பந்தம் துறையின் வேரிலேயே இருக்கிறது. 1917-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இத்துறைக்கான தேசியச் சங்கம் தொடங்கப்பட்டது. நிறுவனர்களில் ஒருவரான எலினார் கிளார்க் ஸ்லேகல், நெடுங்காலம் மனநல மருத்துவமனையில் கிடந்தவர்களுக்குப் ‘பழக்கப் பயிற்சி’ என்ற முறையை வகுத்தவர். நாள் முழுவதற்கும் ஓர் ஒழுங்கை அமைத்து, சிதைந்துபோன அன்றாடப் பழக்கங்களை ஒவ்வொன்றாக மீட்பதே அந்த முறை. அவரோடு பணியாற்றிய மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர், 1922-இல் வெளியான கட்டுரையில் வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் என்ற நான்கின் சமநிலையை நலத்தின் அடிப்படையாக முன்வைத்தார். எடை பற்றி அவர்கள் பேசவில்லை. ஆனால், இந்த நான்கில் ஒன்று குலைந்தால் உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டபோது, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது. இப்படிப்பட்ட உடலிடம் மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இந்த இடத்தில் ஒரு நாளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இரவுப் பணி செய்யும் ஒரு செவிலியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எடை கூடிக்கொண்டே போகிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்கிறார். ‘இரவில் நொறுக்குத்தீனி வேண்டாம்’ என்று ஏற்கெனவே பலமுறை சொல்லியாகிவிட்டது. தெரபிஸ்ட் அவரிடம் அன்றாடப் பதிவேடு ஒன்றைக் கொடுக்கிறார். என்ன சாப்பிட்டார் என்பது அதில் ஒரு பத்தி மட்டுமே. எந்த நேரம், எந்த இடம், யாரோடு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எப்படி உணர்ந்தார் என்பவையும் அதில் உண்டு. ஒரு வாரம் கழித்துப் பதிவேட்டைப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அதிகாலை மூன்று மணிக்குச் சக ஊழியர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் அந்த இருபது நிமிடம்தான் அவருடைய நாளில் கிடைக்கும் ஒரே ஓய்வு. பேச்சுத்துணை கிடைக்கும் ஒரே நேரமும் அதுதான். அந்தத் தீனியை நிறுத்தச் சொன்னவர்கள், தங்களை அறியாமல் அந்த ஓய்வையும் துணையையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை என்பதில் வியப்பென்ன?

எனவே திட்டம் வேறு விதமாக அமைகிறது. அந்த இருபது நிமிடத்தில் கை வைக்கக் கூடாது. பணிக்குக் கிளம்பும் முன் ஒரு முழு உணவைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மூன்று மணிக்குப் பசி இவ்வளவு கடுமையாக இருக்காது. அப்போது கையில் இருப்பது என்ன என்பதை மாற்றலாம். காலையில் வீடு திரும்பியதும் அவர் செய்யும் முதல் வேலை எது என்று கேட்கிறார் தெரபிஸ்ட். துணி துவைக்கப் போடுகிறார். அதன் பிறகு கைப்பேசியைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் கழிகிறது. தூங்கும்போது வெயில் ஏறிவிடுகிறது. துணி போடும் வேலையை மாலைக்குத் தள்ளி, அறையைத் தடித்த திரையால் இருட்டாக்கி, கைப்பேசியைச் சமையலறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பது என்று முடிவாகிறது. இதில் எதுவும் பெரிய மருத்துவம் இல்லை. ஆனால் பொது ஆலோசனைத் தாளில் இவை ஒருபோதும் இருக்காது. ஏனெனில் அந்தத் தாளை எழுதியவருக்கு இந்த நாள் தெரியாது.

அதோடு, ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு மாற்றங்களுக்கு மேல் தெரபிஸ்ட் கேட்பதில்லை. புதிய காரியம் எப்போதும் பழைய காரியம் ஒன்றோடு கட்டப்படுகிறது: பல் துலக்கியதும் இது, வாசற்கதவைப் பூட்டியதும் அது. லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், புதிய செயல் ஒன்று யோசிக்காமலேயே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இந்தக் கணக்கு 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இந்த இரண்டாவது செய்தியை எடை குறைக்க முயலும் ஒவ்வொருவருக்கும் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும் என்பேன். ஒரு நாள் தவறியதற்காக எல்லாவற்றையும் கைவிட்டவர்கள்தான் எத்தனை பேர்!

உடற்பயிற்சி விஷயத்திலும் இதே பார்வைதான். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக முடியாதவரை அங்கே துரத்துவதில் பொருளில்லை. 1999-இல் ஜேம்ஸ் லெவின் குழு, பருமன் இல்லாத 16 பேருக்கு எட்டு வாரம் அன்றாடம் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தது. ஒரே அளவு கூடுதல் உணவு. ஆனால் ஒருவருக்கு 400 கிராம்கூடக் கொழுப்பு சேரவில்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் சேர்ந்தது. இந்த வேறுபாட்டோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது, நிற்பது, நடப்பது, நிலைமாறி உட்காருவது போன்ற, உடற்பயிற்சி அல்லாத சிறு அசைவுகளில் செலவான ஆற்றல். அன்றாடக் காரியங்களுக்குள்ளேயே அசைவைச் சேர்ப்பது எப்படி என்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் சொந்தக் களம். தோட்டவேலையோ நடனமோ மரவேலையோ, ஒருவர் முன்பு விரும்பிச் செய்து இப்போது விட்டுவிட்ட ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதை மீட்டுக்கொடுத்தால் அசைவு தானாக வரும். டிரெட்மில்லில் வேண்டாவெறுப்பாக நடப்பவரைவிட அவர் நீண்டநாள் தொடர்வார்.

இனி, யாரும் வாய்விட்டுப் பேசாத பகுதிக்கு வருகிறேன். அதிக எடையுள்ள ஒருவருக்குக் குளியல் என்பது என்ன? குனிந்து பாதத்தைத் தேய்க்க முடியாது. வயிறு தடுக்கும், மூச்சு முட்டும். முதுகுக்குக் கை எட்டாது. ஈரத்தரையில் ஒற்றைக் காலில் நிற்க அச்சம். வயிற்று மடிப்புக்கும் மார்புக்கும் தொடை இடுக்குக்கும் கீழே ஈரம் தங்கினால் தோல் சிவந்து புண்ணாகும், பூஞ்சைத் தொற்று வரும், வாடை வரும். வாடை வருமோ என்ற பயத்தில் கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் போவதை நிறுத்தியவர்கள் உண்டு. கழிவறையில் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல், அதைக் கணவரிடமோ மனைவியிடமோ சொல்லக் கூசி, வீட்டைவிட்டு நெடுநேரம் வெளியே போவதையே தவிர்ப்பவர்களும் உண்டு. மருத்துவரின் அறையில் எடையும் ரத்த அழுத்தமும் பேசப்படும், இது பேசப்படாது.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதைத்தான் முதலில் கேட்பார். அதுவும் நேரடியாக, கூச்சமின்றி, ஒவ்வொரு படியாக. குளியலறைக்குள் எப்படி நுழைகிறீர்கள்? எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? சோப்பு எந்த உயரத்தில் இருக்கிறது? துவட்டும்போது எந்த இடம் விடுபடுகிறது? ஒரு செயலைப் படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் தடங்கல் என்று கண்டுபிடிப்பது இத்துறையின் அடிப்படைத் திறன். தடங்கல் தெரிந்துவிட்டால் தீர்வுகள் எளியவை. கைப்பிடி உள்ள உறுதியான குளியல் நாற்காலி, கையில் பிடித்து ஊற்றிக்கொள்ளும் ஷவர், நீண்ட காம்புள்ள தேய்ப்பான், சுவரில் பிடிமானக் கம்பி, கழிவறையில் சுத்தம் செய்ய உதவும் நீள்பிடிக் கருவி, பாதத்தின் அடியையும் மடிப்புகளின் உட்புறத்தையும் பார்க்க நீண்ட பிடியுள்ள கண்ணாடி, குனியாமல் காலுறை மாட்ட ஒரு சட்டம். சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவருக்கு அந்தக் கண்ணாடி பாதத்தையே காப்பாற்றக்கூடும். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்ததை அவர் வேறு எப்படி அறிவார்? இந்தக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் கிடைத்த நாற்காலியை வாங்கிப் போட்டு, அது முறிந்து விழுந்தால், உடம்பில் படும் அடியைவிட நம்பிக்கையில் படும் அடி பெரிது.

நடக்க வேண்டியவரை உட்கார்ந்து குளிக்கச் சொல்வது முரண் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். குளித்து உடுத்தி முடிப்பதற்குள் ஒருவர் களைத்துப் படுத்துவிட்டால், அந்த நாளில் அவர் வேறு எதையும் செய்யப் போவதில்லை. நின்று குளிப்பதில் செலவாகும் மூச்சை மிச்சப்படுத்தினால் மாலையில் நடக்க அது கிடைக்கும். கனமான வேலைகளை நாள் முழுக்கப் பரப்பி வைப்பது, களைப்பு வருவதற்கு முன்பே ஓய்வெடுப்பது, அடிக்கடி எடுக்கும் பொருட்களை இடுப்பு உயரத்தில் வைப்பது, முக்கியமில்லாததைக் கைவிடுவது என்று ஆற்றலைச் சேமிக்கும் உத்திகள் எல்லாம், சேமித்ததை எங்கே செலவிடுவது என்ற கேள்வியோடு சேர்ந்தே வருகின்றன. மூட்டு வலியிலும் கணக்கு இதுதான். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு, உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று காட்டியது. சிறிய எடைக் குறைவே நடையை எளிதாக்கும். ஆனால் அந்தச் சிறிய குறைவு வரும்வரை நடக்க ஒரு வழி வேண்டுமே.

எடை குறைந்த பிறகு நீச்சலுக்குப் போகலாம், எடை குறைந்த பிறகு நல்ல துணி வாங்கலாம், எடை குறைந்த பிறகு நண்பர்களைப் பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறவர்களின் நாளில் மிஞ்சுவது தனிமையும் தொலைக்காட்சியும் உணவும்தான். ஆக்குபேஷனல் தெரபி இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. இன்றைய எடையிலேயே இன்றைய காரியங்களைச் செய்ய வழி செய். நாள் நிரம்பத் தொடங்கட்டும். எடையைப் பற்றிய வேலை அதற்குள்ளேயே நடக்கட்டும். இந்த அணுகுமுறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இப்படி எல்லாம் வசதி செய்துகொடுத்தால் எடையைக் குறைக்கும் முனைப்பே போய்விடாதா என்ற ஐயம் பலருக்கு இருக்கிறது. அவமானம் ஒருவரை முனைப்புள்ளவராக்கும் என்ற நம்பிக்கையே இதன் அடியில் கிடக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. எடையைக் காரணம் காட்டி இழிவுபடுத்தப்பட்டவர்கள் உடற்பயிற்சியையும் மருத்துவமனையையும் தவிர்க்கிறார்கள், உணவில் ஆறுதல் தேடுகிறார்கள் என்பதையே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. 2020-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கை, எடை சார்ந்த இழிவுபடுத்தலை மருத்துவத்துறை கைவிட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. காத்திருப்பு அறையில் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி ஒன்றைப் போடுவதும், பெரிய அளவு ரத்த அழுத்தப் பட்டையைக் கையருகே வைப்பதும்கூடச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சூழலைச் சிகிச்சைக்கு உட்பட்டதாகப் பார்ப்பதால், குறையை ஆளிடம் தேடும் முன் நாற்காலியிடம் தேடுகிறார்.

வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது? எடைக்கருவிபோல் ஒரே எண் இதற்குக் கிடையாது. பருமனுக்கென்றே உருவான 31 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் பரவலாகப் பயன்படுகிறது. உடல் இயக்கம், தன்மதிப்பு, தாம்பத்திய வாழ்வு, பொது இடங்களில் படும் சங்கடம், வேலை என ஐந்து பகுதிகள் அதில் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் பெரிதும் நம்புவது 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் உருவான இன்னோர் அளவீட்டை. அதில் கேள்வியை முடிவு செய்பவரே நோயாளிதான். தனக்கு முக்கியமான, ஆனால் சரியாகச் செய்ய முடியாத ஐந்து காரியங்கள்வரை அவர் தேர்ந்தெடுக்கிறார். ஒவ்வொன்றையும் எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் எவ்வளவு நிறைவு என்று ஒன்று முதல் பத்துவரை மதிப்பெண் போடுகிறார். சில மாதம் கழித்து மீண்டும் போடுகிறார். இரண்டு புள்ளி கூடியிருந்தால் அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம். ‘பேத்தியோடு தரையில் உட்கார்ந்து எழ வேண்டும்’ என்பதற்கு மூன்றிலிருந்து ஏழுக்கு வந்தவர், எடைக்கருவியில் இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது என்பதற்காகத் தோற்றவர் ஆகமாட்டார்.

எடை எண்ணும் வாழ்க்கையும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதற்குப் பெரிய ஆய்வுகளிலும் சான்று உண்டு. அமெரிக்காவில் சர்க்கரை நோயும் கூடுதல் எடையும் உள்ள 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ‘லுக் அஹெட்’ ஆய்வு, தீவிர வாழ்க்கைமுறை மாற்றம் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்குமா என்று பார்க்கத் தொடங்கப்பட்டது. அந்த முதன்மைக் கேள்விக்குச் சாதகமான விடை கிடைக்கவில்லை. ஆனால், நடமாட்டத்தை இழக்கும் அபாயம் நான்கு ஆண்டுகளில் 48 சதவீதம் குறைந்திருந்தது. மாடிப்படி ஏற முடிகிறதா, கடைவரை நடக்க முடிகிறதா என்ற கேள்விக்கு ‘முடிகிறது’ என்ற பதில் கிடைப்பதைச் சிறிய பலன் என்று எப்படிச் சொல்வது?

இந்தத் துறையின் வலுவான ஆதாரம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. 1990-களில் லாஸ் ஏஞ்சலஸில் ஃபுளாரன்ஸ் கிளார்க் தலைமையில், 60 வயதைக் கடந்த 361 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஒன்பது மாதம் நடத்திய ஆய்வு அது, 1997-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஆக்குபேஷனல் தெரபி, இன்னொரு குழுவுக்குப் பொதுவான கூடிப்பழகும் நிகழ்ச்சிகள், மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. தெரபி பெற்றவர்களுக்கு உடல்நலத்திலும் மனநிறைவிலும் தெளிவான பலன் கிடைத்தது. மாறாக, கூடிப்பழகிய குழுவுக்கும் எதுவும் பெறாத குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒருவரை ஏதாவது ஒன்றில் ஈடுபடுத்தி வைத்தால் போதாது, அவருடைய அன்றாடத்தை அவரோடு சேர்ந்து ஆராய்ந்து மாற்ற வேண்டும் என்ற பாடம் அங்கேதான் உறுதியானது. அதே முறையைப் பின்னர் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் எடை மேலாண்மைக்கும் கொண்டுவந்தார்கள்.

ஆனால் அந்த முதியோர் ஆய்வு எடை பற்றியது அல்ல என்பதை மறைத்துப் பேசக் கூடாது. எடை மேலாண்மையில் ஆக்குபேஷனல் தெரபியை மட்டும் தனியே சோதித்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. எடை குறைவதற்கான உறுதியான சான்று உணவு, அசைவு, நடத்தை மாற்றம் மூன்றும் சேர்ந்த திட்டங்களுக்கே இருக்கிறது. ஏழு சதவீத எடைக் குறைவும் வாரம் 150 நிமிட உடலசைவும் என்ற இலக்கோடு நடந்த அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், அபாயம் உள்ளவர்கள் நோயாளிகளாவது 58 சதவீதம் குறைந்தது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இப்படிப்பட்ட குழுவில் ஓர் உறுப்பினர். உணவியல் நிபுணருக்கோ மருத்துவருக்கோ மாற்று அல்ல. இவரிடம் போனால் மட்டுமே எடை குறையும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

பொதுத் திட்டங்கள் எட்டாத சிலருக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் தேவை கூடுதல். மனச்சிதைவு நோய்க்கு ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு எடை வேகமாக ஏறும். திட்டமிடுவதும் தொடங்குவதும் அவர்களுக்கு நோயினாலேயே கடினம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ‘தினமும் பத்தாயிரம் அடி’ என்ற அறிவுரை பொருளற்றது.

இப்போது காட்சியை மாற்றியிருப்பவை புதிய மருந்துகள். 2021-இல் வெளியான ஆய்வில் செமாகுளுடைட் வாராந்திர ஊசி, 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இதைக் கண்டு மருந்தைத் தூற்றுவது அறியாமை. பருமன் நெடுங்கால நோய், அதற்கு நெடுங்கால மருந்து தேவைப்படுவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் ஊசி பசியைத்தான் அடக்கும். உணவால் நிரம்பியிருந்த மாலைப் பொழுது காலியாகும்போது அதில் என்ன வைப்பது, கொழுப்போடு சேர்ந்து கரையும் தசையின் வலுவை மாடிப்படியிலும் மளிகைப் பையிலும் எப்படி மீட்பது, ஊசி தரும் இந்த அவகாசத்தில் எந்தப் பழக்கத்தை வேரூன்றச் செய்வது என்பவற்றை அது பார்த்துக்கொள்ளாது. இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும் இதே கேள்விகள்தான். அவற்றோடு, சிறுகச் சிறுக மென்று, சாப்பாட்டையும் தண்ணீரையும் பிரித்து எடுத்துக்கொள்ளும் புதிய உண்ணும் முறையை வேலைநேரத்துக்குள் பொருத்தும் சிக்கலும் சேரும். பல இடங்களில் எடை மீண்டும் ஏறிய பிறகோ, மூட்டு முடங்கிய பிறகோதான் இவர்களை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்புகிறார்கள். முதல் ஊசி எழுதிக்கொடுக்கும் அதே நாளில், அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் அதே நாளில், அந்தப் பரிந்துரைச் சீட்டும் எழுதப்பட வேண்டும்.